மடவளையில் ஒரு கோட்டு வாங்கிய கதை

கண்டி மாநகரிலிருந்து மகாவலி நதியைக் கடந்து வத்தேகமையை நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் மடவளை என்னும் சிற்றூர் வந்து சேரும். பூகோளம் படிக்கும் மாணவர்கள் இப்பக்கத்தை வேறொரு காரணத்திற்காக அறிந்திருப்பார்கள். 1976 ஆம் ஆண்டில் நிறைவேறிய பொல்கொல்லை அணை இவ்வூருக்கு அண்மையிலே உள்ளது. மகாவலியின் நீரில் ஒரு பகுதி அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து சென்று, உக்குவளையில் மின்சாரத்தைத் தந்துவிட்டு, வடக்கேயுள்ள வயல்களை நாடிப் போகிறது. ஆயினும் குடும்பம் நடத்துவோருக்கு மடவளை என்றவுடன் நினைவிற்கு வருவது அணையுமன்று, சுரங்கமுமன்று, புடவைக் கடைகளே.

தபாற் கந்தோரின் முகவரியிலும் 'மடவளை பஸார்' என்றே இவ்வூர் வழங்குகிறது. பெயருக்கேற்ற ஊர்தான். தெருவின் இருமருங்கிலும் புடவைக் கடைகள். கலியாணச் சேலை, பாடசாலைச் சீருடை, குழந்தையின் தொட்டிற் சீலை, தீபாவளிச் சட்டை, பெருநாட் சட்டை யாவும் ஒரே தெருவில் அகப்படும். ஊரவர் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள். வீட்டிலே தமிழ் பேசுவோர். கடையிலே சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவோர். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் தெரு சற்று அமைதியாக இருக்கும். ஜும்ஆ முடிந்ததும் பழைய ஆரவாரம் திரும்பிவிடும்.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாம் அங்கே சென்றது எமக்காக அன்று. எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஒரு மாணவனுக்காகச் சென்றோம். பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். தாய் கொழுந்து பறிப்பவர், தந்தை இல்லை. ஒரு வங்கியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அழைப்புக் கடிதத்தின் அடியிலே, உரிய உடையணிந்து வருதல் வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அவ்வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தது.

முதலிலே நாம் ஒரு தவறு செய்தோம். அதை மறைத்தல் முறையன்று. எமது திருமணத்தின்போது கொழும்பிலே பெருந்தொகை கொடுத்து வாங்கிய கோட்டொன்று அலுமாரியிற் கிடந்தது. இருபது ஆண்டுகளில் மூன்று முறையே அணிந்திருப்போம். காரணம் யாதெனில், அது ஒருபோதும் எம் உடலுக்குப் பொருந்தியதில்லை. அந்தக் கோட்டைத் தூசி தட்டி எடுத்து, "இதைப் போட்டுக்கொண்டு போ, வீண் செலவு எதற்கு?" என்று மாணவனிடம் நீட்டினோம். அவன் அணிந்துகொண்டான். தோள்கள் இரண்டு அங்குலம் வெளியே துருத்தின. கைவிரல்களின் நுனி மட்டுமே தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்தான்; பிறகு எம்மைப் பார்த்தான்.

"நல்லா இருக்குங்க சேர்," என்றான்.

எம்மீதுள்ள மரியாதையால் அவ்வாறு சொன்னான் என்பது எமக்கு விளங்கியது. ஐந்து பேர் அமர்ந்திருக்கும் அறைக்குள் அவன் அந்தக் கோட்டோடு நுழைவதை எண்ணிப் பார்த்தோம். கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய நேரத்தில் சட்டைக் கையை மேலே இழுத்துக்கொண்டிருப்பான். கோட்டை மீண்டும் அலுமாரியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு மடவளைக்குப் போவோம்" என்றோம்.

அவனுடைய தாய் கொடுத்தனுப்பிய பணம் 27,000 ரூபாய். இத்தொகையை வெறும் எண்ணாகக் கொள்ளலாகாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாய் என்றும், 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. 1,350 ஆல் 27,000 ஐ வகுத்துப் பார்த்தால் விடை 20. அதாவது இருபது நாள் மலையேறி, அட்டைக் கடியும் மழையும் பொறுத்துப் பறித்த கொழுந்து. ஒரு நாளேனும் வீணாகாமல் அதைச் செலவிடுவது எவ்வாறு என்பதே எம்முன் நின்ற வினா.

காலமும் சாதகமாக இல்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் ஒன்றின் விலை, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்ததை நாம் அறிவோம். கோட்டுத் துணியும் உட்துணியும் பெரும்பாலும் கடல்கடந்து வருவன. ஆகவே டொலர் ஏறினால் கோட்டும் ஏறும். பின்னர் ரூபாய் ஓரளவு தேறியபோதிலும், ஏறிய விலைகள் பழைய இடத்திற்கு இறங்கி வரவில்லை.

பஸ்ஸில் அமர்ந்திருக்கையில் ஒரு பழைய நினைவு எழுந்தது. மலையகத்தின் பழைய புகைப்படங்களிலே பெரிய கங்காணியைக் காணலாம். தலையிலே பாகை, இடுப்பிலே வேட்டி, மேலே கறுத்தக் கோட்டு. அந்தக் கோட்டு குளிருக்காக மட்டும் அணியப்பட்டதன்று; 'நான் துரைக்கு அடுத்தவன்' என்று ஊருக்கு அறிவிப்பது. கோட்டு அணிந்தவர் முன்னே கோட்டில்லாதவர் குனிந்து நின்ற காலம் அது. அத்தகைய தோட்டமொன்றிலே குனிந்து நின்றவர்களின் பேரன் இன்று தனக்கென ஒரு கோட்டு வாங்கப் போகிறான் என்பதை எண்ணியபோது, சிறு கடைத்தெருப் பயணமும் சிறிதாகத் தோன்றவில்லை.

மேனாட்டு உடை எமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கலைஞானி ஆனந்த குமாரசுவாமி கனிவள ஆய்வுப் பணிப்பாளராக இந்நாட்டில் இருந்த காலத்தில், 1905 ஆம் ஆண்டில், இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, ஐரோப்பியப் பழக்கங்களையும் உடையையும் ஆராயாமற் பின்பற்றுவதைக் கண்டித்தார். வேட்டியின் அழகையும் எம் வெயிலுக்கு அது தரும் சுகத்தையும் நாமும் மறுக்கவில்லை. ஆனால் வங்கியின் கதவருகே நிற்கும் இளைஞனுக்கு அந்த வாதம் குடையாக உதவாது. அவனுக்கு இன்று வேண்டியது வேலை. உடைபற்றிய சட்டத்தை மாற்றும் அதிகாரம், உள்ளே போய் அமர்ந்த பிறகே அவனுக்கு வரும்.

ஏழையின் கோட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்திலே கோட்டும் காற்சட்டையும் முதலிற் செல்வரின் உடையாகவே இருந்தன. லித்துவேனியாவிலிருந்து குடியேறிய மொந்தேகு பேர்ட்டன் என்பவர், லீட்ஸ் நகரிலே பெரியதொரு ஆலை அமைத்து, சாதாரணத் தொழிலாளிக்கும் அவனுடைய அளவெடுத்துத் தைத்த சூட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அவ்வாலையிலே சுமார் 10,000 பேர் வேலை செய்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு அந்நாட்டு அரசாங்கமே ஆளுக்கொரு சூட் வழங்கியது. சீருடையைக் கழற்றியவன் வேலை தேடிப் போகும்போது தலைநிமிர்ந்து போகவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

மடவளையில் இறங்கி நாலைந்து கடைகள் பார்த்தோம். ஒரு கடையிலே நரை தாடியுடைய முதலாளி எம்மை வரவேற்றார். "வாங்க மாஸ்டர், இருங்க. மகனுக்கா? கலியாணமா, வேலையா?" என்று வினவினார். வேலை என்றோம். பளபளவென்று மின்னிய கோட்டுகளை ஒருபுறமாக ஒதுக்கிவிட்டார். "இதெல்லாம் மாப்பிள்ளைமாருக்கு. வேலைக்குப் போறவர் மின்னக் கூடாது," என்றார். அந்தச் சொல்லிலேயே அவர்மீது எமக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

ஒரு கோட்டின் உட்புறத்திலே, இத்தாலிய நாட்டுக் கம்பளி என்று பொறித்த சீட்டு இருந்தது. விலையோ மலிவு. உண்மையோ என்று கேட்டோம். முதலாளி சிரித்தார். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியிற் பிடித்தார். நூல் உருகிச் சுருண்டு, கடுகளவு கரிய மணியாக இறுகியது. "கம்பளியெண்டால் மயிர் கருகிற மணம் வரும் மாஸ்டர், விரலால நசிச்சால் சாம்பலாப் போகும். இது பொலியெஸ்டர். சீட்டையும் தனியாத்தான் விக்கிறாங்க," என்றார். இரசாயன ஆசிரியர்களும் இப்பரிசோதனையை வகுப்பிலே செய்து காட்டலாம்.

பொலியெஸ்டர் என்பதற்காக அதை முற்றாக வெறுக்க வேண்டியதில்லை என்பதும் அவர் சொல்லி நாம் அறிந்தது. தூய கம்பளி சிறந்தது, மூச்சுவிடும், மடிப்பு விழுந்தாலும் ஒரு இரவு தொங்கவிட்டால் தானே நிமிரும். எமது கையிருப்பிற்கு அது எட்டாது. பொலியெஸ்டரோடு விஸ்கோஸ் கலந்த துணி நடுத்தரமானது, கசங்காது, நெடுநாள் உழைக்கும். வெயிலில் வியர்க்கும் என்பதே குறை. கண்டியின் மிதமான காற்றுக்குத் தாங்கலாம். தேர்ந்தெடுக்கும்போது துணியைக் கைக்குள் நன்றாகக் கசக்கிப் பிடித்து விடவேண்டும். சுருக்கம் அப்படியே நின்றால் அத்துணி வேண்டாம். வெளிச்சத்திற் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், மின்னினால் வேண்டாம். கோட்டின் நெஞ்சுப் பகுதியை இருவிரல்களாற் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள கன்வஸ் பசையால் ஒட்டப்பட்டதா, நூலால் தைக்கப்பட்டதா என்பது அப்போது தெரியும். தைத்ததாயின் துணிக்கும் கன்வஸுக்கும் இடையே ஒரு அசைவு இருக்கும். ஒட்டியதே மலிவுச் சரக்கில் அகப்படும். பசை நன்றாக இல்லாவிட்டால், சில முறை சலவைக்குப் போனபின் நெஞ்சிலே கொப்புளங்கள் எழும்.

அளவெடுத்துத் தைப்பிக்கலாமா என்றும் யோசித்தோம். ஒரு கோட்டுக்கும் காற்சட்டைக்கும் அகன்ற துணியில் 3 மீற்றருக்கு மேல் வேண்டும். அதனோடு உட்துணி, கன்வஸ், பொத்தான், கூலி, நாளோ பத்து. நேர்முகத் தேர்வுக்கு எஞ்சியிருந்தது ஆறு நாள். வாடகைக்கு எடுக்கலாமென்று ஒருவர் யோசனை கூறினார். ஒரு நாட் கலியாணத்திற்கு அது தகும். வேலை தேடுபவனுக்கு ஒரு தேர்வோடு காரியம் முடிவதில்லை. ஆகவே ஆயத்தக் கோட்டொன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் அதைத் திருத்துவிப்பது என்று முடிவு செய்தோம்.

கடைக்குப் பின்புறத்திலே ஒரு தையற்காரர் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். கழுத்திலே அளவு நாடா. மூக்கின் நுனியிலே கண்ணாடி. அன்று நாம் கற்ற பாடத்தைத் தந்தவர் அவரே.

"எதைத் திருத்தலாம், எதைத் திருத்த ஏலாது எண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கவேணும் மாஸ்டர்," என்று தொடங்கினார். கையின் நீளத்தைக் குறைக்கலாம். இடுப்பை உள்ளே பிடிக்கலாம். காற்சட்டையின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தையலுக்குள்ளே மடித்துவிட்ட மிச்சத் துணி இருந்தால் இடுப்பைச் சற்று அகட்டவும் செய்யலாம்; ஆகவே வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆனால் தோளின் அகலத்தையும் கோட்டின் மொத்த நீளத்தையும் மாற்றப் புகுந்தால், கோட்டின் விலையை விடக் கூலி மிகும், அழகும் கெடும். ஆகவே கோட்டு வாங்குபவன் முதலிற் பார்க்கவேண்டியது தோள். ஏனையவற்றை ஊசி பார்த்துக்கொள்ளும்.

மாணவனைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் நிறுத்திச் சாயச் சொன்னார். கோட்டின் தோளும் மேற்கையும் ஒருங்கே சுவரைத் தொட்டால் அளவு சரி. தோளின் பஞ்சு மட்டும் முதலிலே சுவரில் முட்டி மடங்கினால் கோட்டுப் பெரியது. எமது திருமணக் கோட்டை எண்ணி நாம் தலைகுனிந்தோம். பிறகு பின்கழுத்தைப் பார்த்தார். கோட்டின் கழுத்துக்கும் சட்டையின் கழுத்துக்கும் நடுவே இடைவெளி இருத்தலாகாது. கையை இயல்பாகத் தொங்கவிட்டால் சட்டைக் கையின் விளிம்பு அரை அங்குலம் தெரிய வேண்டும். பொத்தானைப் பூட்டினால் நெஞ்சிலே பெருக்கற் குறிபோல் மடிப்பு விழலாகாது. இரண்டு பொத்தானுள்ள கோட்டில் மேற்பொத்தானை மட்டும் பூட்ட வேண்டும். அமரும்போது அதையும் கழற்றிவிட வேண்டும்.

ஆறாவது கோட்டு பொருந்தியது. கருநீலம், கோடு, கட்டம் ஒன்றுமில்லை. முதற் கோட்டு வாங்குபவனுக்கு இதனினும் ஏற்ற நிறம் இல்லை என்றார் முதலாளி. அலுவலகத்திற்கும் ஆகும், கலியாணத்திற்கும் ஆகும்.

ஆயினும் தையற்காரர் திருப்தியுறவில்லை. இரண்டடி பின்னே சென்று நின்று பார்த்தார். இடப்புறத்திலே கோட்டு சற்றுச் சரிந்து, அக்குளின் கீழே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அருகே வந்து மாணவனின் இரு தோள்களிலும் கைவைத்து அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இடத் தோள் தாழ்ந்திருக்கு. பாரம் தூக்கினீங்களோ?"

மாணவன் சற்றுத் தயங்கினான். "சின்னதிலேருந்து வெறகு தூக்குவேங்க ஐயா. லீவு நாள்ல கொழுந்து மூட்டையும் தூக்குவேன். அம்மாவுக்கு முதுகு வலிங்க," என்றான்.

எட்டு ஆண்டுகளாக எமக்குத் தெரிந்த பிள்ளை. அவனுடைய எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையாற் சுட்டிக்காட்டிய நாம், அவனுடைய தோளை ஒருநாளும் பார்க்கவில்லை.

தையற்காரர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "ரெண்டு தோளும் ஒண்டா இருக்கிற மனுசன் இல்லை மாஸ்டர். துரைமாரின்ர கோட்டுக்கும் இதைத்தான் செய்யிறது," என்று கூறிக்கொண்டே, இடப்புறத்து உட்துணியின் தையலை மூன்றங்குலம் பிரித்தார். மெல்லிய பஞ்சுப் படலம் ஒன்றை வெட்டி உள்ளே வைத்து நூலால் நிறுத்தினார். மீண்டும் அணியச் சொன்னார். மடிப்பு மறைந்திருந்தது. தோளின் அகலத்தை மாற்றுவது அரிது. ஆனால் தாழ்ந்த தோளை உயர்த்துவதற்கு ஒரு பிடி பஞ்சு போதுமாயிருந்தது. இடுப்பைப் பிடித்து, கைகளை முக்கால் அங்குலம் குறைத்து, காற்சட்டையின் அடியை மடித்துத் தைத்து முடிக்க மாலை நான்கு மணியாயிற்று.

கணக்கைக் கூறிவிடுகிறோம். வாசகர்களில் எவருக்கேனும் உதவலாம். கோட்டும் காற்சட்டையும் 19,500 ரூபாய். திருத்தக் கூலி 2,500. வெள்ளைச் சட்டை 2,800. கழுத்துப்பட்டி 900. ஆக 25,700 ரூபாய். பல்கலைக்கழகத்திற்கு அணிந்துபோன கறுப்புச் சப்பாத்தையே மை பூசி அணிவது என்று தீர்மானித்தோம். எஞ்சியது 1,300 ரூபாய். "ஒரு நாட் சம்பளத்துக்கு அம்பது ரூவாதாங்க குறைவு சேர், அம்மாகிட்டயே கொடுத்துர்றேன்," என்று அவன் சொன்னபோது, எம்மைப் போலவே அவனும் நாட்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது.

புறப்படும்போது முதலாளி சில புத்திமதிகள் கூறினார். கோட்டை ஆணியில் மாட்டலாகாது. அகன்ற தோளுடைய மரச் சட்டத்திலே தொங்கவிட வேண்டும். சூடான இஸ்திரிப்பெட்டியை நேரே வைக்கலாகாது. ஈரத் துணியொன்றை மேலே விரித்துத் தேய்க்க வேண்டும். அடிக்கடி சலவைக்குக் கொடுக்காமல் தூரிகையால் துடைத்துக் காற்றாட விடவேண்டும். திருத்தியபோது வெட்டிய துண்டுத் துணியைப் பொதிந்து கையிற் கொடுத்தார். பிற்காலத்திற் கிழிந்தால் ஒட்டுப்போட உதவுமாம்.

ஆறு நாட்களின் பின் மாணவன் தொலைபேசியில் அழைத்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்று கால்மணி நேரம் பேசினான். வட்டி வீதம் பற்றிய கேள்வியொன்றிலே தடுமாறிவிட்டதாக வருந்தினான். கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாமே பொறுக்கமாட்டாமற் கேட்டோம்.

"அத மறந்தே போயிட்டேங்க சேர்," என்றான்.

எமக்கு அதனினும் மகிழ்ச்சி தரும் விடை வேறில்லை. பொருந்தாத உடை நொடிக்கொருதரம் தன்னை நினைவூட்டிக்கொண்டேயிருக்கும். பொருந்திய உடையோ அணிந்தவனை அவனுடைய வேலையைச் செய்ய விட்டுவிடும். அதற்குப் பெரும்பணம் தேவையில்லை. தோளைப் பார்த்து வாங்கும் கண்ணும், குறையைக் கண்டு திருத்தும் ஒரு நல்ல தையற்காரரும் போதும்.

அந்த வங்கியிலே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. மூன்று மாதங்களின் பின்னர் வேறொரு நிறுவனத்தில், அதே கோட்டோடு சென்று, வேலை பெற்றான். முதற் சம்பளம் வாங்கிய மாதத்தில் தாயை அழைத்துக்கொண்டு எம்மைப் பார்க்க வந்திருந்தான். அந்த அம்மையார் அதிகம் பேசவில்லை. மகன் கதிரையின் முதுகிலே கழற்றிப் போட்ட கோட்டை எடுத்து, இடத் தோளை விரல்களாற் தடவிப் பார்த்துவிட்டு, மடிப்பு விழாமல் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

எமது திருமணக் கோட்டையும் அடுத்த விடுமுறையில் மடவளைக்குக் கொண்டுபோனோம். தையற்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோள் பெரிசு மாஸ்டர், ஒண்டும் செய்ய ஏலாது," என்று கையை விரித்தார். அது இன்னும் அலுமாரியிலேயே தொங்குகிறது.